என்று சொன்னால் சரியல்ல

2012ஆம் ஆண்டு, ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில், எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு மதில் எழும்பியது. மூன்றே நாளில் கட்டி முடித்துவிட்டார்கள். நான் அப்போது பி.காம் முடித்துவிட்டு, திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஷிப்ட் முடிந்து வந்தபோது நைனா திண்ணையில் உட்கார்ந்து கொத்தனார்கள் கல் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்குப் போகவில்லை. கத்தவில்லை. "கோர்ட்டே சொல்லிட்ச்சி, நாம இன்னா பண்றது" என்றார். அந்த மதிலுக்குள் போனது 11 அடி அகலம், 60 அடி நீளம். 660 சதுர அடி. பாட்டி 1968இல் கிரயம் வாங்கிய மனையின் மேற்கு ஓரம். அதில் ஒரு முருங்கை மரமும் துணி துவைக்கும் கல்லும் இருந்தன.

கோர்ட் சொன்னது உண்மைதான். 2007இல் நைனா போட்ட வழக்கு 2011 டிசம்பரில் தள்ளுபடியானது. மேல்முறையீடும் 2012 ஜூனில் போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த வழக்கைப் பற்றிப் பேசியதில்லை. கட்டு மட்டும் பரணில், சிவப்புத் துணியில் சுற்றி இருந்தது.

நான் சட்டம் படிக்கப் போனதற்கு இந்த மதில்தான் காரணம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். ஒரே மெஷின் முன்னால் ஒன்பது வருடம் நின்ற சலிப்புதான் காரணம். 2021இல் மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது.

என்னை நான் பகுதிநேர மாணவன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அப்படி ஒரு பிரிவு உண்மையில் கிடையாது. ஒரு காலத்தில் நாட்டில் மாலை நேரச் சட்டக் கல்லூரிகள் இருந்தன. ஆபீஸ் முடித்துப் போய்ப் படித்து வக்கீலானவர்கள் நிறைய. இப்போது இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் வகுப்பு நடக்க வேண்டும். பாடத்துக்குப் பாடம் 70 விழுக்காடு வருகை வேண்டும். ஆக, படிப்பு முழுநேரம், மாணவன்தான் பகுதிநேரம். இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஷிப்ட். குளித்துவிட்டுக் கூட்டுரோட்டில் பஸ் ஏறினால் வெள்ளவேடு, மணவாள நகர், திருவள்ளூர். அங்கே இறங்கி திருப்பதி சாலையில் இன்னொரு பஸ் பிடித்து பட்டறைபெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரி. தூக்கம் எல்லாம் பஸ்ஸில்தான். கண்டக்டர்களில் இரண்டு பேர் என்னை எழுப்பிவிடுவதைத் தங்கள் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் யூனிட்டில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் வேலை. அச்சு மூடி, பிளாஸ்டிக்கை உருக்கி உள்ளே தள்ளி, ஆறவைத்துத் திறக்க 42 விநாடி. பாகத்தை எடுத்து ஓரத்துப் பிசிறை வெட்டிப் பெட்டியில் போட 15 விநாடி போதும். மிச்சம் 27 விநாடி என்னுடையது. சிவில் நடைமுறைச் சட்டத்தை நான் படித்தது இந்த 27 விநாடிகளில்தான். ஒரு ஷாட்டுக்கு ஒரு விதி. ஆர்டர் 7 ரூல் 11, வழக்குரையை நிராகரிப்பது. ஷாட். ஆர்டர் 9 ரூல் 13, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்வது. ஷாட். ஆர்டர் 39, தற்காலிக உறுத்துக்கட்டளை. ஷாட். சூப்பர்வைசர் ஒருநாள் வந்து என் கையிலிருந்த தாள்களை வாங்கிப் பார்த்தார். "இன்னாப்பா இது, ஆர்டர் ஆர்டர்னு எழுதி வெச்சிக்கினுகீற, எந்தக் கஸ்டமர் ஆர்டர்?" என்று கேட்டார்.

வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தது குற்றவியல் சட்டம்தான். கொலை, சதி, மரண வாக்குமூலம் என்று கதை இருக்கும். சிவில் என்றால் கொட்டாவி. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் பெயரோடு மாறப்போகின்றன என்று தெரிந்ததும், பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள். 1908இல் இயற்றி 1909 ஜனவரி 1 முதல் ஓடிக்கொண்டிருக்கும் சிவில் நடைமுறைச் சட்டம் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. திருத்தங்கள் வந்தன. ஆனால் எலும்புக்கூடு அதேதான். 158 பிரிவுகள், பின்னால் 51 ஆர்டர்கள். முதலில் எனக்கும் அது ரயில்வே அட்டவணை மாதிரிதான் இருந்தது. போகப்போக ஒன்று புரிந்தது. மனிதர்கள் செய்யக்கூடிய அத்தனை தில்லுமுல்லுக்கும் அதில் ஒரு விதி இருக்கிறது. சம்மன் வாங்காமல் ஒளிவான், ஆர்டர் 5. வழக்கு நடக்கும்போதே செத்துப்போவான், ஆர்டர் 22. வாய்தா மேல் வாய்தா கேட்பான், ஆர்டர் 17. அதில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்றே எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோது மெஷின் முன்னால் தனியாகச் சிரித்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. திருமழிசையாழ்வார் பிறந்த ஊர் இது. அவருடைய சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியை விட்டு வெளியேறச் சொல்ல, ஆழ்வார் போய்ப் பெருமாளிடம் அவனோடு நானும் போகிறேன், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்றார். பெருமாள் கிளம்பினார். மன்னன் மன்னிப்புக் கேட்டதும், திரும்பி வந்து பாயை விரித்துப் படு என்றார். பெருமாள் அப்படியே செய்தார். திருவெஃகாவில் அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். குறித்த பரிகாரச் சட்டம் நடத்தியபோது, ஒப்பந்தத்தில் சொன்னபடியே செய்ய வைக்கும் ஆணை பற்றி ஆசிரியர் விளக்க, எனக்கு இந்தப் பெருமாள் நினைவு வந்தது. அந்த ஆணையைக் கொடுப்பதும் மறுப்பதும் முன்பு நீதிபதியின் விருப்புரிமை. 2018 திருத்தம் அதை மாற்றிவிட்டது. பெருமாளுக்கு அந்த விருப்புரிமை ஆழ்வார் காலத்திலேயே இல்லை. தலபுராணம் இன்னொன்றும் சொல்கிறது. தராசின் ஒரு தட்டில் இந்த ஊரையும் மறுதட்டில் உலகத்துத் தலங்களையெல்லாம் வைத்தபோது இந்த மண்தான் கனத்ததாம். அதனால் மகீசார க்ஷேத்திரம். அதில் 660 சதுர அடி எவ்வளவு எடை இருக்கும் என்று பஸ்ஸில் போகும்போது யோசித்திருக்கிறேன்.

2024 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் அனதுல சுதாகர் வழக்கை எடுத்தார். உச்ச நீதிமன்றம் 2008 மார்ச்சில் சொன்ன தீர்ப்பு. வெறும் உறுத்துக்கட்டளை எப்போது கேட்கலாம், உரிமை விளம்புகை எப்போது சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அதில் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். உன் அனுபவத்தில் இருக்கும் நிலத்தில் ஒருவன் சும்மா புகுந்து தொந்தரவு செய்தால் உறுத்துக்கட்டளை மட்டும் போதும். ஆனால் அவன் தன்னிடமும் பத்திரம் இருக்கிறது, இது என் நிலம் என்று உன் உரிமையின் மேலேயே மேகத்தைக் கவித்துவிட்டால், நீ உரிமை விளம்புகை கேட்டாக வேண்டும். உன்னை வெளியேற்றியும் விட்டால் சுவாதீனமும் கேட்க வேண்டும். உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டு நின்றால் வழக்கு நிற்காது.

தூக்கம் போய்விட்டது. எதிராளி பத்திரத்தோடுதான் வந்தார் என்பது எனக்கு நினைவிருந்தது. சங்கிலி பிடித்து அளந்ததும், வேறு யாரோ தனக்கு எழுதிக்கொடுத்த கிரயத்தைக் காட்டியதும் நான் பள்ளிக்கூடத்துப் பையனாகக் கண்ணால் பார்த்தது. நைனா என்ன கேட்டு வழக்குப் போட்டார்?

அன்று சாயங்காலம் பரணிலிருந்து கட்டை இறக்கினேன். கரப்பான் அரித்த வழக்குரை. பரிகாரப் பத்தியில் ஒரே ஒரு வரி. நிரந்தர உறுத்துக்கட்டளை. வேறு எதுவும் இல்லை.

முதலில் வந்தது ஆத்திரம். எங்கள் பழைய வக்கீல் மேல். அவர் இப்போது இல்லை. எதிருரையில் உரிமையை மறுத்த அன்றே ஆர்டர் 6 ரூல் 17இல் ஒரு திருத்த மனு போட்டு விளம்புகையைச் சேர்த்திருக்கலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அனதுல சுதாகர் தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் இந்தக் கோபத்திலேயே திரிந்தேன். அப்புறம் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தைப் படித்தபோது கோபம் அப்படியே நகர்ந்து வேறு பக்கம் போயிற்று. உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டால் சில நூறு ரூபாய்க் கட்டணத்தில் வழக்குப் போட்டுவிடலாம். விளம்புகையும் சுவாதீனமும் என்றால் நிலத்தின் சந்தை மதிப்பில் கட்ட வேண்டும். 2017 திருத்தத்துக்கு முன்னால் அது 7.5 விழுக்காடு. 2007இல் நைனா லாரி ஷெட்டில் கிளீனர். அவர் கையில் என்ன இருந்தது என்று அந்த வக்கீலுக்குத் தெரியும். குறைந்த செலவில் முடித்துக்கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். எங்களுக்குச் செய்த உதவிதான் எங்களைக் கவிழ்த்தது.

அதற்கப்புறம்தான் தீர்ப்பைப் படித்தேன். கீழ்க்கோர்ட் தீர்ப்புகள் நம் மாநிலத்தில் தமிழில் இருக்கின்றன. ஆனால் நைனாவுக்கு அதை யாரும் படித்துக்காட்டவில்லை. "தள்ளுபடி" என்ற ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்தது. பதினாலு பக்கம். பதிமூன்றாவது பக்கத்தில், எதிராளி வாதியின் உரிமையையே மறுக்கும் நிலையில் விளம்புகை கோராத இவ்வழக்கு நிலைக்கத்தக்கதல்ல என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி: தனது உரிமையை நிலைநாட்ட வாதி உரிய வழக்கு தொடுக்க இத்தீர்ப்பு தடையாகாது. உரிமை யாருக்கு என்பதில் நீதிபதி எதுவுமே சொல்லவில்லை. மேல்முறையீட்டிலும் அப்படியே உறுதி செய்திருந்தார்கள்.

நைனா தோற்கவில்லை. தவறான கதவைத் தட்டியிருக்கிறார். அவ்வளவுதான்.

பூந்தமல்லியில் எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் அம்மா இருக்கிறார். விடுமுறைகளில் அவருடைய அலுவலகத்தில் கட்டுகளை ஒழுங்குபண்ணும் எடுபிடி வேலை செய்திருக்கிறேன். கட்டை எடுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரம் படித்தார். முதல் கேள்வி, "செவுரு எப்ப கட்னாங்க?"

"2012 ஆகஸ்ட் மேடம்."

"தேதி தேதி."

தேதி யாருக்குத் தெரியும்? ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் எனக்குள் எண்ணம் ஓடியது. காலவரையறைச் சட்டம், அட்டவணையில் உறுப்பு 65. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு. எதிராளியின் அனுபவம் நமக்கு எதிரானதாக ஆன நாளிலிருந்து. வெறும் விளம்புகைக்கு 3 ஆண்டுதான், ஆனால் சுவாதீனத்தோடு சேர்த்துக் கேட்டால் 12 என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 12 ஆண்டு என்றால் 2024 ஆகஸ்ட். ஆறு மாதம் இருந்தது. அந்தத் தேதி தாண்டினால் பாட்டியின் பத்திரம் வெறும் தாள். சட்டத்தின் கண்ணில் நிலம் மதில் கட்டியவனுக்கே போய்விடும்.

நான் வகுப்பில் படித்ததைச் சொன்னேன். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை காலவரையறையில் கழித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறதே மேடம், அப்படிப் பார்த்தால் இன்னும் இரண்டு வருடம்...

"தம்பி, அது நமக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு எதிர்த்தரப்பு ஒரு வருஷம் வாதாடுவான். அது கடைசில எடுக்க வேண்டிய குடை. இப்ப மழை வரல. ஓடிப்போய் ஃபைல் பண்ற வழியப் பாரு."

அந்தக் கொரோனாக் காலம் எங்கள் ஊருக்கு வேறு விதமாக நினைவிருக்கிறது. 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் தூக்கிக்கொண்டுவந்து திருமழிசையில் வைத்தார்கள். துணைநகரத்துக்காக ஒதுக்கிய இடத்தில் கொட்டகைகள், ராத்திரி முழுக்க லாரிகள். மழை பெய்து தக்காளி மிதந்தது. நைனா அங்கே மூட்டை தூக்கினார். அறுபதைத் தொடும் வயதில். இரண்டு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், இந்த ஊர்ல நிலத்துக்கு இவ்ளோ மதிப்பு வரும்னு எவன் கண்டான் என்று அப்போது ஒருமுறை சொன்னார். மதில் பக்கம் பார்க்காமல்.

கணக்குப் போட்டோம். சதுர அடி 1,400 ரூபாய் என்று வைத்தால் 9,24,000. 3 விழுக்காடு என்றால் 27,720 ரூபாய் கட்டணம். பழைய 7.5 விழுக்காடாக இருந்தால் 69,300. மேடம் ஃபீஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். சர்வேயர், வில்லங்கச் சான்று, பத்திரத்துக்கு நகல் மனு என்று இன்னும் செலவு. பணம் ஒரு பக்கம். நைனாவை எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு சொன்னேன். முழுவதும் கேட்டார். "வோணாம்டா" என்றார். "நான் கோர்ட்டுப் படி ஏற மாட்டேன்."

"ஏன் நைனா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "என்னாலதான் போச்சி. கூண்டுல நின்னுக்கினு அந்த வக்கீல் கேட்டதுக்கெல்லாம் சரின்னு சொல்லிட்டேன்."

கட்டில் அந்த வாக்குமூலம் இருந்தது. எடுத்து வந்தேன். நம் கோர்ட்டுகளில் குறுக்கு விசாரணையை எழுதும் முறை வெளியாட்களுக்கு விசித்திரமாக இருக்கும். வக்கீல் கேட்ட கேள்வி அதில் வராது. கேள்வியும் பதிலும் ஒரே வாக்கியத்தில் பிணைந்து சாட்சியின் வாயிலிருந்து வந்ததாக இருக்கும். "தாவா சொத்து எனது அனுபவத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல. தாவா சொத்துக்குப் பட்டா என் பெயரில் இல்லை என்று சொன்னால் சரிதான். தாவா சொத்துக்கு நான் தனியாக வரி கட்டவில்லை என்று சொன்னால் சரிதான்." இந்த இரண்டு "சரிதான்". இவற்றைத்தான் நைனா பன்னிரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். தன் வாயால் நிலத்தைத் தொலைத்துவிட்டதாக.

தீர்ப்பின் பதிமூன்றாவது பக்கத்தைப் படித்துக்காட்டினேன். பட்டா என்பது உரிமை ஆவணமே இல்லை, அதை வைத்து யாரும் ஜெயிக்கவும் முடியாது தோற்கவும் முடியாது, உங்கள் பதிலைப் பற்றி நீதிபதி ஒரு வார்த்தை எழுதவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்காததால்தான் தள்ளுபடி என்று சொன்னேன். "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். மூன்றாம் முறை படிக்கச் சொன்னது அம்மாதான்.

மறுநாள் அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள்.

ஜூலையில் வழக்குரை தயாரானது. நான் எழுதிய முதல் பிரதியை மேடம் சிவப்பு மையால் அடித்துத் தள்ளினார். பதினெட்டுப் பக்கத்தை ஏழாக்கினார். நான் பாட்டி பட்ட கஷ்டமெல்லாம் எழுதியிருந்தேன். "கோர்ட்டுக்குத் தேவை வழக்குமூலம், கதை இல்ல" என்றார். முன் தீர்ப்புத் தடை வராது என்பதற்கு அந்த ஒரு வரியை அப்படியே எடுத்து ஒரு பத்தி. ஆர்டர் 2 ரூல் 2 தடுக்காது, ஏனென்றால் வெளியேற்றப்பட்டதே முதல் வழக்கு முடிந்த பிறகுதான் என்று ஒரு பத்தி. அந்த இரண்டு பத்தியும் நான் எழுதியதில் தப்பியவை. அந்த மாதத்தில் புதிய குற்றவியல் சட்டங்களை எதிர்த்து வழக்கறிஞர்கள் கோர்ட் புறக்கணிப்பு வேறு. எனக்கு நாள்காட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆடி பிறந்து சில நாளில் தாக்கல் செய்தோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நைனா கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பேனாவை மூடி, திறந்து.

தாக்கல் செய்து திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார், "ஜெயிச்சா செவுத்த இடிப்பாங்களா?"

என்ன சொல்வது? தீர்ப்பாணை கிடைத்த பிறகுதான் இந்திய வழக்காடியின் கஷ்டம் ஆரம்பமாகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872இலேயே சொல்லிவிட்டது. நிறைவேற்றுகை மனு போட வேண்டும், அமீனா வர வேண்டும், அவனுடைய மச்சான் ஒரு தடை மனு போடுவான். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த பெரியம்மாள் வழக்கு நம் சேலத்துப் பக்கம் 1980இல் எழுதிய ஒரு கிரய ஒப்பந்தத்தில் ஆரம்பித்தது. அந்தத் தீர்ப்பை ஒட்டி எண்ணிப் பார்த்தபோது நாடு முழுக்க 8,82,000க்கும் மேல் நிறைவேற்றுகை மனுக்கள் நிலுவையில் இருந்தன. அவற்றை ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் வந்த செய்தி. அன்று பஸ்ஸில் "இடிப்பாங்க நைனா" என்றுதான் சொன்னேன்.

எதிருரை 30 நாளில் வர வேண்டும், போனால் போகிறது என்றால் 90 நாள். 2002 திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. அந்தத் திருத்தங்களை எதிர்த்துப் போனவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான், சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005இல் உச்ச நீதிமன்றம், 90 நாள் என்பது இரும்புக் கதவல்ல, தக்க காரணம் இருந்தால் திறக்கலாம் என்றது. எங்கள் எதிராளி ஏழாம் மாதத்தில் அந்தக் கதவைத் திறந்து வந்தார். பரீட்சையில் சேலம் வழக்குக்கு எனக்கு நல்ல மதிப்பெண். அது எங்கள் மேலேயே வந்து விழும் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன்.

நான் தேறிவிட்டேன். பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னதால் அந்தப் பணமும் கையில் இருக்கிறது. ஆனால் வக்கீலாகப் பதிந்துகொண்டால் சம்பள வேலையில் இருக்க முடியாது. ஏலச்சீட்டுக்கு இன்னும் எட்டு மாதம் கட்ட வேண்டும். அதனால் இப்போதும் இரவு பத்து மணிக்கு மெஷின் முன்னால்தான் நிற்கிறேன்.

எழுவினாக்கள் வனைந்தாகிவிட்டது. அடுத்த வாய்தாவில் நைனா முதல் சாட்சி. சாட்சிக்குப் பதில் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பயத்தைத் தெளியவைக்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். ஞாயிறு சாயங்காலங்களில் திண்ணையில் அவரை நிற்க வைத்து நான் எதிர்த்தரப்பு வக்கீலாகிறேன். அம்மாதான் நீதிபதி. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கியபடி. முதல் வாரம் நைனாவுக்குக் குரலே எழும்பவில்லை. இப்போது என்னை முறைக்கிறார்.

"தாவா சொத்துக்குப் பட்டா உங்க பேர்ல இல்ல?"

"இல்ல. அது சரிதான்."

"அந்த எடத்துல நீங்க எப்பவுமே அனுபவத்துல இருந்ததே இல்ல?"

நைனா மதிலைப் பார்த்தார். மதிலுக்கு மேலே பழைய முருங்கையின் வேரிலிருந்து துளிர்த்த ஒரு கிளை தெரிந்தது.

"இருந்ததில்லைன்னு சொன்னா சரியல்ல" என்றார்.

"சத்தமா சொல்லு, எழுதறவருக்குக் கேக்கணும்" என்றாள் அம்மா.